கல்லறைக்கு இட்ட வெள்ளை

ஐப்பசி மழை வலுக்குமுன் கல்லறைகளுக்கு மணல் மாற்றிவிட வேண்டும் என்பது அவ்வூரின் நெடுநாள் வழக்கம். தருவைகுளத்துக்குத் தெற்கே, உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூர் அது. நவம்பர் இரண்டாம் நாள் கல்லறைத் திருநாள். அதற்குள் ஒவ்வொரு குடும்பமும் தன் இறந்தோர்மேல் கிடக்கும் பழைய மணலை வழித்தெடுத்துவிட்டு, கடலோரத்து வெண்மணலைப் புதிதாய்ப் பரப்பும். பரப்பிய மணலை உள்ளங்கையால் தடவிச் சமன் செய்வர். மணல் மாற்றாத கல்லறையைக் காண்போர், "இந்த வீட்டுல ஆளு இல்லையோ?" என்று கேட்பர். அக்கேள்விக்கு மேற்பட்ட ஏச்சு அங்கே இல்லை.

சில ஆண்டுகளாக அவ்வெண்மணல் அரிதாயிற்று. கடல் கரையை அரித்துக்கொண்டு ஊரை நெருங்கிவந்தது. எஞ்சிய மணலை அள்ளுதல் கூடாதென்று தடையும் வந்தது. சென்ற ஆண்டு கடகப்பெட்டியில் மணல் சுமந்து வந்த மூதாட்டியர் இருவரைக் காவலர் வழிமறித்து, பெட்டியைக் கவிழ்க்கச் செய்து அனுப்பிவிட்டனர்.

இவ்வாண்டு அக்டோபர் இறுதியில், கருவாடு காயப்போடும் தளத்தில் பெண்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர். நெத்திலியைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த டெல்பின்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"எங்க மாமியாருக்கு இந்த வருசம் ஆத்து மணலுதான். செவப்பா கிடக்கும். அவளுக்கு உசிரோட இருக்கையிலயே எல்லாம் வெள்ளையா இருக்கணும். சோத்துல ஒரு கருப்பு அரிசி கிடந்தாத் தட்டைத் தள்ளிருவா."

"ஆத்து மணலு மட்டும் சும்மாவா வருது? வெலையைக் கேட்டா உம் மாமியா எந்திரிச்சு வந்து, எனக்கு மணலே வேண்டாம்ளான்னுருவா" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"எந்திரிச்சு வந்திரக் கூடாதுன்னுதானளா நான் வருசா வருசம் மணலே போடுதேன்" என்றாள் டெல்பின். தளமெங்கும் சிரிப்பு எழுந்தது.

கருவாடு வாங்க வந்திருந்த பிளாரன்சும் சிரித்தாள். அவள் ஹென்றியின் மனைவி. ஹென்றி கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி செலுத்தி ஓய்வுபெற்ற தண்டல். அவர்களுடைய ஒரே மகன் கிளைட்டன் வேதிப் பொறியியல் படித்தவன். சில ஆண்டுகள் வெளியூர் ஆலைகளில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, ஊருக்கு மேற்கே சாம்பற்கல் பட்டறை தொடங்கியிருந்தான். பட்டறையின் பெண்களை மேற்பார்வையிடுவது பிளாரன்சின் பொறுப்பு. அவ்வேலை வந்தபிறகு அவளுடைய நடையிலேயே ஒரு நிமிர்வு கூடியிருந்தது.

"ஆத்து மணலு எதுக்கு?" என்றாள் பிளாரன்ஸ். "எங்க பட்டறையில கிடக்குல்லா, பாலு மாதிரி. ஊருக்கே நான் தாரேன்."

"அது ஆலைக் கழிவுல்லா, மதினி?"

"கழிவுன்னு சொல்லாத டெல்பினு. ஒரு ஆலையில மிஞ்சுறதுதான் இன்னொரு பட்டறைக்கு மொதலு."

அது கிளைட்டன் கூட்டங்களில் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம். தாய் அதை மீன்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் சொல்லிச் சொல்லி, இப்போது தன் சொந்த வாக்கியம் போலவே சொல்லக் கற்றிருந்தாள்.

அவ்வாக்கியம் பொய்யன்று. துறைமுகத்தில் வந்திறங்கும் பாஸ்பேட் பாறையை உரத்துக்காக அமிலத்தில் கரைத்தபின், ஜிப்சம் என்னும் வெண்பொடி மலைமலையாய் மிஞ்சும். அனல்மின் நிலையத்தில் சாம்பல் மிஞ்சும். வெல்டிங் வாயு தயாரிக்கும் கூடங்களில் சுண்ணாம்புச் சேறு மிஞ்சும். இம்மூன்றையும் ஒன்று சேர்த்துக் கிளைட்டன் கல் அறுத்தான். ஜிப்சத்தில் ஒட்டியிருக்கும் அமிலத்தைத் தொட்டியில் கழுவி, சுண்ணாம்புச் சேற்றால் அடக்கி, உலர்த்திய பின்னரே சாம்பலோடு சேர்ப்பான். கழுவிய நீரும் வீணாகாது. தெளியவைத்து மறுபடி அதே தொட்டிக்கு ஏற்றுவான். செங்கல்லுக்காகக் கண்மாய் மண்ணை வெட்ட வேண்டியதில்லை. விறகெரித்துச் சுட வேண்டியதுமில்லை. ஊரின் புதிய மீன் ஏலக்கூடத்துக்குத் தளமும் சுவரும் அக்கல்லிலேயே அமைப்பதென்று ஊர்க் கமிட்டி ஏறக்குறைய முடிவு செய்திருந்தது. அது நிறைவேறினால் அக்கரையோரத்து மற்ற ஊர்களும் வாங்கும் என்று அவன் நம்பியிருந்தான்.

பட்டறையில் இரண்டு குவியல்கள் உண்டு. கழுவிய குவியல் திறந்த வெளியில் கிடக்கும். சுண்ணாம்புச் சேறு கலந்ததனால் அது சாம்பல் நிறமாய் இருக்கும். கழுவாத குவியல் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். அதுதான் பால்போன்ற வெள்ளை. "தார்ப்பாய்க்குள்ள கிடக்கிறதுல இன்னும் ஆசிட் இருக்கு. கழுவாம ஒரு சட்டிகூட வெளிய போகக் கூடாது" என்று கிளைட்டன் பலமுறை சொல்லியிருந்தான். பிளாரன்சிடமும் சொல்லியிருந்தான்.

அவன் அலுவலர்களைப் பார்க்கச் சென்னைக்குப் போயிருந்த நாளில், பிளாரன்ஸ் குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டி ஒன்றை வரவழைத்தாள். அள்ளிப்போட நின்றவள் ஜெனிலா. பட்டறை தொடங்கிய நாள்முதல் அங்கே வேலை செய்பவள். கணவனைக் கடலில் இழந்தவள். உடல் கரை சேரவில்லை. அவளுடைய மகள் ஜெமிக்குப் பிளாரன்சே ஞானத்தாய். நாகர்கோவிலில் நர்சிங் படிக்கும் அப்பெண்ணுக்கு ஆண்டுதோறும் திருநாள் உடுப்பு எடுத்துக்கொடுப்பவளும் அவளே.

ஜெனிலா சாம்பல்நிறக் குவியலில் மண்வெட்டியைப் போட்டாள்.

"அது வேண்டாம்" என்றாள் பிளாரன்ஸ். "அடுப்புச் சாம்பல் மாதிரில்லா இருக்கு. செத்தவங்க மேல அதையா போடுவாவ? தார்ப்பாயத் தூக்கு."

"அதைத் தொடக் கூடாதுன்னு தம்பி சொன்னாவள்லா, அக்கா?"

"அது கல்லுக்குச் சொன்னது, ஏளா. இது சும்மா மேல தூவுறதுதான. யாரு தின்னப் போறா?"

"ஒரு போனு போட்டுக் கேட்டுருவமா?"

"அங்கன பெரிய ஆபீசர்மாரோட இருக்கான். இதுக்குப் போயி கூப்பிடுவியா? தூக்கு."

ஜெனிலா தார்ப்பாயைத் தூக்கினாள். வெயிலில் அக்குவியல் கண்ணைப் பறித்தது. பிளாரன்ஸ் ஒரு பிடி அள்ளி விரலிடையே நழுவவிட்டாள். சற்று ஈரமாய், மாவுபோல் இருந்தது. தம் ஊர்க் கடற்கரையில் அத்தகைய வெண்மையை அவள் சிறுமியாய் இருந்தபோதுங்கூடக் கண்டதில்லை.

அன்று மாலையும் மறுநாளும் ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. பெண்கள் பெட்டிபெட்டியாய் அள்ளிப் பரப்பினார்கள். பளிங்குக் கல்லறைகளின் விளிம்புகளிலும் இட்டு நிரப்பினார்கள். ஹென்றி தம் தாயின் கல்லறையருகே குந்தியிருந்து கையால் சமன் செய்தார்.

"எங்கம்மைக்கு இப்பதான் நல்ல விரிப்பு விரிச்ச மாதிரி இருக்கு" என்றார். "கொழும்புல பெரிய ஓட்டல்ல போட்டிருப்பானே, அது மாதிரி."

டெல்பின் தன் மாமியாரின் கல்லறையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மதினி, இதுக்கு மேல அவ குறை சொன்னா நான் பொறுப்பில்ல" என்றாள். பிளாரன்சின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னவர் பலர். அவளும் ஒவ்வொரு கல்லறையாக நின்று, போதுமா, இன்னும் வேண்டுமா என்று கேட்டு நடந்தாள். ஜெனிலா தனக்கென்று ஒரு சிறு பெட்டி மட்டும் எடுத்து, தோட்டத்தின் நடுவே நிற்கும் பெரிய குருசின் அடியில் தூவினாள். கடலோடு போனவர்களுக்கு அவ்விடமே கல்லறை.

திருநாளுக்கு முன்னிரவு மழை கொட்டியது. விடிந்தும் தூறல் நிற்கவில்லை. பிற்பகல் பூசை முடிந்து, பங்குச்சாமியார் கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கச் செம்புடன் முன்செல்ல, ஊரார் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்தொடர்ந்தார்கள். வெண்பொடி சேறாய்க் குழைந்து, கல்லறைகளினின்று வழிந்து, நடைபாதையெங்கும் மோர்போலத் தேங்கியிருந்தது. முழந்தாளிட்டவர்களுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. சற்று நேரத்தில் உப்பளத்துப் பெண்கள் கால்மாற்றி நின்றார்கள். வெடிப்பு விழுந்த பாதங்கள் அவர்களுடையவை.

"என்னளா இது, காந்துது?"

"எனக்கும்தான். மொளகாய் அரைச்ச கையாட்டம் எரியுது."

சாமியார் செபத்தை நிறுத்தவில்லை. ஆயினும் அவருக்குப் பின்னால் பாடல் மெலிந்துபோயிற்று. மூதாட்டியர் சிலர் வாயிற்குழாயில் கால்களைக் கழுவ வரிசையில் நின்றார்கள். இரண்டொரு நாளில் கல்லறைகளைச் சுற்றி நட்டிருந்த நித்தியகல்யாணிச் செடிகள் கருகின. வெயில் பட்டதும் சேறு பாளம்பாளமாய்க் காய்ந்து வெடித்தது. பளிங்குக் கற்களைத் துடைத்தவர்கள், பளபளப்புப் போய் உப்புத்தாள் தேய்த்ததுபோல் சொரசொரப்பாய் இருக்கக் கண்டார்கள்.

கிளைட்டன் திரும்பி வந்தவுடன் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான். பாதிக் குவியல் இல்லை. ஜெனிலாவை அழைத்து, "இதை யாரு அள்ளுனா, அக்கா?" என்று கேட்டான். ஜெனிலா சற்றுத் தள்ளி நின்றிருந்த பிளாரன்சைப் பார்த்தாள். பிளாரன்ஸ் காய்கிற கற்களுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"நாந்தான் அள்ளுனேன், தம்பி" என்றாள் ஜெனிலா.

அவன் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப்பின் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. கமிட்டித் தலைவர் நேசக்குமார் ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தார். அவருடைய தந்தையின் கல்லறைப் பளிங்கும் கெட்டிருந்தது.

"ஹென்றி மகனே சொல்லட்டும். விசத்தையா கொண்டு கொட்டுனிய?" என்றார்.

கிளைட்டன் எழுந்தான். அவன் சொன்னவற்றுள் பெரும்பகுதி உண்மை. கழுவிய ஜிப்சம் தீங்கற்றது என்றான். கல்லில் அமிலம் இராது என்றான். ஆய்வகச் சோதனையைப் பற்றிச் சொன்னான். பிறகு, "கழுவாத குவியலை வேலைக்கு இருக்கிறவங்க தெரியாம அள்ளிட்டாவ. தப்பு சரக்குல இல்ல, எடுத்த ஆளுலதான். நான் ஊருல இல்ல. ஊருக்கிட்ட மன்னிப்புக் கேக்கேன்" என்றான்.

"வேலைக்கு இருக்கிறவன்னா யாரு?"

அவன் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டியின்மேல் நின்று வாரிக்கொடுத்தவளை ஊரே பார்த்திருந்தது. தலைகள் திரும்பின. ஜெனிலா பெண்கள் வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்னிருந்தவளின் முதுகைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கு இரண்டாள் தள்ளி அமர்ந்திருந்த பிளாரன்ஸ் தன் மடியிலிருந்த செபமாலையின் ஒரே மணியை விரலால் திருகிக்கொண்டிருந்தாள்.

"கொட்டுனவளே அள்ளட்டும்" என்றது ஒரு குரல். அதுவே தீர்ப்பாயிற்று. எல்லாக் கல்லறைகளையும் ஜெனிலா வழித்துச் சுத்தம் செய்து தருவது. அதுவரை பட்டறைக்கு அவள் போகக் கூடாது.

அன்று நண்பகல் ஹென்றி வீட்டில் சீலாமீன் குழம்பும் சோறும் பரிமாறியிருந்தது. கிளைட்டன் உண்ணாமல் பிசைந்துகொண்டிருந்தான்.

"ஜெனிலா அக்காவைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டித்தான் வைக்கணும் போல. கல்லறை வேலை முடிஞ்ச பொறவும் ஊரு சும்மா விடாது."

"அவளை நிப்பாட்டாத" என்றாள் பிளாரன்ஸ்.

"நானா நிப்பாட்டுதேன்? அவியளே அள்ளுனேன்னு சொன்னாவ."

"அள்ளுனது அவதான். அள்ளச் சொன்னது நான்."

ஹென்றியின் கை வாயருகே நின்றது. "ஏளா" என்றார்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லாம்மா."

"சொன்ன."

"ஜெனிலா அக்கா ஒண்ணும் சொல்லலையா?"

"தொடக் கூடாதுன்னா. போனு போடுவோம்னா. நாந்தான் கேக்கல."

"பொறவு எதுக்கும்மா எடுத்திய?"

பிளாரன்ஸ் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வெள்ளையா இருந்திச்சுலே."

வெளியே ஐஸ் வண்டி ஒன்று பின்னோக்கி நகரும் ஓசை கேட்டது.

"மைக்கில நான் பேசும்போதே எந்திரிச்சுச் சொல்லிருக்கலாம்லா" என்றான் கிளைட்டன். குரலில் சினத்தைக் காட்டிலும் களைப்பே மிகுந்திருந்தது.

"எந்திரிக்கத்தான் பாத்தேன். காலு வரல."

"இப்ப என்ன செய்ய?" என்றார் ஹென்றி. "நேசக்குமாரைப் பாத்து நான் சொல்லட்டா?"

கிளைட்டன் கையைத் தட்டின் விளிம்பில் வழித்தான். "இப்ப போயி மாத்திச் சொன்னா, நாளைக்கி நான் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாவ, அப்பா. கழுவுன கல்லு நல்ல கல்லுன்னு சொன்னாலும் நம்ப மாட்டாவ. ஏலக்கூடம் போயிரும். சொந்த ஊருக்காரன் வேண்டாம்னதை எவன் வாங்குவான்? அந்தக் கழிவு அத்தனையும் மறுபடி அங்கனயே மலையாத்தான் கிடக்கும். மழைக்குக் கரைஞ்சு தரைக்குள்ளதான் போகும்."

அச்சொற்களில் ஒன்றும் பொய்யில்லை. பொய்யில்லாத அச்சொற்களுக்குள்தான் அம்மூவரும் அன்று புகுந்துகொண்டார்கள்.

"ஜெனிலா நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி" என்றார் ஹென்றி நெடுநேரங்கழித்து. "பொறுத்துக்கிடுவா. கொஞ்ச நாள் கழிச்சு நாமளே அவளுக்கு ஏதாவது பாத்துச் செய்வோம்." இவ்வாறு சொல்லிவிட்டு, பாதிச் சோற்றோடு தட்டை நகர்த்தி எழுந்து கைகழுவினார். முப்பதாண்டு கடலில் ஆள் குறையாமல் தோணியைக் கரைசேர்த்தவர் என்று ஊரில் பெயரெடுத்தவர் அவர். அன்று முழுவதும் மனைவியின் முகத்தையோ மகனின் முகத்தையோ அவர் நேராகப் பார்க்கவில்லை.

பிளாரன்ஸ் மாலையில் ஒரு தூக்குச்சட்டி நிறையக் குழம்பு ஊற்றி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஜெனிலாவுக்குக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் தூக்குச்சட்டி திரும்பி வந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது அங்கே வழக்கமன்று. ஒன்றுமில்லாவிட்டால் இரண்டு பச்சைமிளகாயாவது போட்டனுப்புவர். ஜெனிலா நன்கு கழுவி, துடைத்து, வெறுமையாகவே அனுப்பியிருந்தாள்.

அவள் கல்லறைத் தோட்டத்தில் வேலையைத் தொடங்கியிருந்தாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. பெய்தால் சேறு கனக்கும். காய்ந்தால் பாளம் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டால் கல்லறை விளிம்புகளில் விரல் நுழையாது என்று கொத்துக்கரண்டியாலும் வெறும் விரல்களாலுமே வழித்தாள். வழித்ததைச் சாக்கில் கட்டி வாயிலில் அடுக்கினாள். கிளைட்டனின் வண்டி வந்து அதைத் தொட்டிக்குக் கொண்டுபோயிற்று. அங்கே அது முறைப்படி கழுவப்பட்டது. வண்டியில் அவன் வரவில்லை. ஓட்டுநரை மட்டும் அனுப்பினான்.

பிளாரன்ஸ் பட்டறைக்குப் போகும் வழி கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிச் சென்றது. முதல் இரண்டு நாள் அவள் உப்பளத்து வரப்பைச் சுற்றிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் வரப்பில் தண்ணீர் ஏறிவிட்டதால் அவ்வழியே வர நேர்ந்தது. மதிலோரம் வரும்போது உள்ளே டெல்பினின் குரல் கேட்டது.

"இங்கன இன்னும் ஓரத்துல இருக்கு பாரு. எங்க மாமியாளுக்கு வெள்ளையடிச்சு விட்டது போதும், நல்லா வழி."

"வழிக்கேன், மதினி."

"மெதுவா வழிக்கேன் மெதுவா வழிக்கேன்னு பளிங்கைக் கெடுத்துராத. உனக்கென்ன, இங்க உனக்கு ஒரு கல்லறை உண்டா, குழி உண்டா? ஆளு இருந்தால்லா இதோட வலி தெரியும்."

கரண்டி கல்லில் உரசும் ஓசை மட்டும் தொடர்ந்தது. டெல்பின் குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தாள். மதிலோரம் நின்ற பிளாரன்சைக் கண்டு, "என்ன மதினி, வேலையைப் பாக்க வந்தியளா? நல்ல ஆளைத்தான் வேலைக்கு வச்சிருந்திய, போங்க" என்று பரிவோடு சொல்லிவிட்டு, ஏலக்கூடத்தை நோக்கி நடந்தாள். அப்பரிவைப் பிளாரன்சால் தாங்க இயலவில்லை.

அவள் உள்ளே போனாள். ஜெனிலா முழந்தாளிட்டுக் குனிந்திருந்தாள். விரல்நுனிகள் வெளுத்து, தோல் உரிந்திருந்தது. பிளாரன்ஸ் கீழே கிடந்த மற்றொரு கரண்டியை எடுத்தாள்.

"தா ஜெனிலா. நானும் அள்ளுதேன்."

"அள்ளுங்க. அள்ளுறதுக்கா ஆளு குறைச்சல்?"

"கையைப் பாரேன், இப்படி ஆயிருக்கு."

"ஆயிருக்கு."

பிளாரன்ஸ் அருகில் குந்தினாள். குரலைத் தாழ்த்தி, "எந்தப்புதான் ஜெனிலா. எல்லாம் நான் சொல்லித்தான். எனக்குத் தெரியும்" என்றாள்.

ஜெனிலா வழிப்பதை நிறுத்தினாள். முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குந்தான் தெரியும். எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய?"

"பொறவு யாருகிட்டச் சொல்ல?"

"தம்பி மைக்கு வச்சுச் சொன்னாவ. நீங்க குந்தியிருந்து காதுக்குள்ள சொல்லுதிய." அவள் குரல் உயரவில்லை. "ஜெமி நேத்து போன் பண்ணுனா. ஆஸ்டல்ல நம்ம ஊருப் பிள்ளை ஒண்ணு கேட்டுச்சாம், உங்கம்மைதான் கல்லறையில ஆசிட் ஊத்துனாளான்னு. ஞானத்தாய்ட்ட கேளும்மா, அவியளுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதா. அவகிட்ட நான் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

பிளாரன்ஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்தபோது அவளுடைய சேலையின் முழங்காலிடத்தில் வெண்சேறு ஒட்டியிருந்தது. அதை அவள் தட்டவில்லை. ஜெனிலா மறுபடி குனிந்துகொண்டாள்.

பழைய ஏலக்கூடத்தில் பிற்பகல் ஏலம் உச்சத்தில் இருந்தது. மழையால் சில நாள் கடலுக்குப் போகாமல் தங்கலில் கிடந்த வள்ளங்கள் அன்றுதான் போய்த் திரும்பியிருந்தன. தரையில் விளமீனும் பாறைமீனும் குவியல்குவியலாய்க் கிடந்தன. ஏலங்கூறும் பெனிஸ்டன் ஒரு குவியலருகே நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். வியாபாரிகளும் மீன்காரப் பெண்களும் நெருக்கியடித்து நின்றார்கள். டெல்பினும் அவர்களிடையே இருந்தாள். கூடத்தின் மறுகோடியில் நேசக்குமாரும் கிளைட்டனும் புதிய தளத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். கிளைட்டனின் கையில் அளவுநாடா நீண்டு கிடந்தது.

பிளாரன்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். "ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

எவருக்கும் கேட்கவில்லை. ஒருவன் அவளை மீன் வாங்க வந்தவளென்று எண்ணி வழிவிட்டான்.

"பெனிஸ்டன், ஒண்ணு சொல்லணும்லே."

"இந்தா பெரியம்மா, இந்தக் குவியலை முடிச்சிக்கிடுதேன். பொறவு சொல்லுங்க." அவன் மறுபடி கூவத் தொடங்கினான்.

அவள் காத்து நின்றாள். இரண்டு வியாபாரிகள் விட்டுக்கொடுக்காமல் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒருவன் மற்றவனை ஏதோ கேலி பேச, கூட்டம் சிரித்தது. பெனிஸ்டனும் சிரித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். ஐஸ் உருகிய நீர் அவள் பாதங்களை நனைத்து ஓடியது. அவ்வளவு நேரமும் அவள் அனைவருக்கும் நடுவில், முன்னால் கையைக் கோத்தபடி, தன் முறைக்காக நின்றாள். மறுகோடியில் கிளைட்டன் நிமிர்ந்து அவளைக் கண்டான். அவள் ஏன் வந்திருக்கிறாள் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. அவன் தலையை இலேசாக, வேண்டாம் என்பதுபோல், அசைத்தான்.

குவியல் முடிந்தது. "சொல்லுங்க பெரியம்மா. எதும் களவு போயிட்டா?" என்றான் பெனிஸ்டன்.

"கல்லறையில போட்டதை அள்ளச் சொன்னது நான்" என்றாள் பிளாரன்ஸ்.

"எது?"

"கழுவாத குவியலை. தார்ப்பாய்க்குள்ள கிடந்ததை. ஜெனிலா வேண்டாம்னு சொன்னா. தம்பிகிட்டக் கேப்போம்னும் சொன்னா. நாந்தான் எடுக்கச் சொன்னேன். அவ மேல ஒரு தப்பும் கிடையாது."

கூடம் அடங்கியது. பின்வரிசையில் நின்றவர்கள் என்ன என்ன என்று கேட்க, முன்நின்றவர்கள் திரும்பிச் சொன்னார்கள். அவள் சொன்னது வாய்மாறி வாய்மாறிக் கூடத்தின் கடைசிவரை போய்ச் சேர்வதை அவளால் கேட்க முடிந்தது.

டெல்பின்தான் முதலில் பேசினாள். "அப்பம் உங்க மவன் மைக்கில வேற மாதிரில்லா சொன்னான், மதினி?"

"அப்ப அவனுக்குத் தெரியாது."

"எப்பம் தெரியும்?"

அவள் மகனைப் பார்த்தாள். நாடா அவன் கையிலிருந்து தளர்ந்து ஈரத்தரையில் கிடந்தது. நேசக்குமார் அவனைவிட்டு ஓரடி விலகி நின்றிருந்தார். இன்றைக்குத்தான் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவன் தப்பிவிடுவான் என்பது பிளாரன்சுக்குத் தெரிந்தது. மறுத்துச் சொல்ல எவருமில்லை.

"கூட்டம் முடிஞ்ச அன்னைக்கு மத்தியானமே சொல்லிட்டேன்" என்றாள்.

"தெரிஞ்சும் சும்மாவா இருந்தான்? இத்தனை நாளும் அவளை அள்ள விட்டுட்டா?"

"ஆமா. அவனும், அவன் அப்பாவும், நானும். தெரிஞ்சுதான் இருந்தோம்."

ஒருவரும் ஏசவில்லை. ஏசுவார்கள் என்று எண்ணியே அவள் வந்திருந்தாள். அதற்குத் தன்னைத் திடப்படுத்திக்கொண்டும் வந்திருந்தாள். டெல்பின் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தினாள். சற்றுமுன் கல்லறையில் தான் சொன்ன சொல் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கிளைட்டன் குனிந்து நாடாவைச் சுருட்டத் தொடங்கினான். அது ஈரத்தில் சிக்கி, சுருள மறுத்தது.

பெனிஸ்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த குவியலருகே சென்று நின்றான். தாழ்ந்த குரலில் முதல் விலையைச் சொன்னான். கேட்க எவரும் முன்வரவில்லை. அவன் மறுபடியும் அதே விலையைச் சொன்னான். கூட்டம் அவளைச் சுற்றி நின்றவாறே நின்றது. ஒருவரும் நெருங்கவுமில்லை, வழிவிடவுமில்லை. பிளாரன்ஸ் நடுவில் நின்றாள். இனித் தான் போகலாமா என்பதை யாரிடம் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.